சபாக் கச்சேரியை ஒளித்துப் பதிவு செய்து பகிர்ந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி இது. டிசம்பர் சீசனில் ஒரு ரசிகர் போனைச் சட்டைப் பையில் வைத்து இரண்டரை மணி நேரக் கச்சேரியை முழுசாகப் பதிவு செய்கிறார். அன்றிரவே 200 பேர் இருக்கும் ரசிகர் வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிறார். ஒரு வாரத்தில் அது டெலிகிராமிலும் யூடியூபிலும் சுற்றுகிறது. பாடகர் ஆட்சேபித்ததும் அவர் சொல்வது: "தியாகராஜர் கீர்த்தனைக்கு யாரிடம் காப்புரிமை இருக்கிறது? நான் பத்துப் பைசா பார்க்கவில்லை. பாடினவர், பக்கவாத்தியம் எல்லார் பெயரையும் போட்டிருக்கிறேன்." இதில் சட்டப்படி எங்கே தப்பு?

சுருக்கமான பதில்: ஒளித்துப் பதிவு செய்தது பெரும்பாலும் காப்புரிமைச் சட்டத்தை மீறியதாகாது. குழுவில் போட்ட நிமிடத்தில் மீறலாகிவிட்டது. பலர் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதுதான் பாவம், செய்த பிறகு நாலு பேருக்குக் கொடுப்பது புண்ணியம் என்ற மாதிரி.

விரிவாகப் பார்க்க, ஒரு கச்சேரியில் அடுக்கடுக்காக மூன்று உரிமைகள் இருப்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இதைக் குழப்பிக்கொள்வதில்தான் முக்கால்வாசி வாக்குவாதம் நடக்கிறது.

முதல் அடுக்கு, பாட்டு. இந்தியாவில் ஒரு பாட்டின் சொல்லுக்கும் இசைக்கும் காப்புரிமை, இயற்றியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டுகள். தியாகராஜர் 1847-ல் மறைந்தார், அங்கே ஒன்றுமில்லை. ஆனால் கச்சேரி மேடையில் பாடப்படுவதெல்லாம் மும்மூர்த்திகள் (தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி) பாட்டு இல்லையே. பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார். அவர் பாடல்களுக்கு 2033 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. கடைசியில் வாசிக்கும் தில்லானா லால்குடி ஜெயராமனுடையது என்றால் 2073 முடிவு வரை. பாலமுரளிகிருஷ்ணாவுடையது என்றால் 2076 வரை. ஆக "கர்நாடக சங்கீதம் பொதுச்சொத்து" என்ற வாதம் மெயின் உருப்படிக்குப் பொருந்தலாம், கடைசியில் வரும் சின்னப் பாட்டான துக்கடாவுக்குப் பொருந்தாமல் போகலாம்.

இரண்டாவது அடுக்குதான் இந்தக் கேள்வியின் உயிர்: மேடையில் இருப்பவரின் உரிமை. சட்டத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு, பெர்ஃபார்மர்ஸ் ரைட். கலைஞர் உரிமை என்று வைத்துக்கொள்வோம். பாட்டு 200 வருஷப் பழசாக இருக்கலாம். நேற்று மாலை அந்த மேடையில் ராகத்தை விரித்துப் பாடின ஆலாபனை நேற்றுப் பிறந்தது. அதற்கு உரிமையாளர் பாடினவர்.

இந்த உரிமை ஆதியிலிருந்து இருந்ததில்லை. 1957-ல் காப்புரிமைச் சட்டம் வந்தபோது கலைஞருக்கு எதுவும் தரப்படவில்லை. 1970-களின் இறுதியில் ஃபார்ச்சூன் ஃபிலிம்ஸ் – தேவ் ஆனந்த் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், நடிகரின் நடிப்பு சட்டம் சொல்லும் 'படைப்பு' எதிலும் சேராது, ஆகவே அதில் அவருக்குக் காப்புரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. 1994 திருத்தம் 10 மே 1995-ல் அமலுக்கு வந்த பிறகுதான் பிரிவு 38 பிறந்தது. முதலில் 25 ஆண்டுகள் என்று இருந்ததை 1999 திருத்தம் 50 ஆக்கியது. 2012 திருத்தம் 38ஏ, 38பி என்று இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது.

'கலைஞர்' யார் என்பதைச் சட்டம் தாராளமாகவே வரையறுக்கிறது: நடிகர், பாடகர், வாத்தியம் வாசிப்பவர், நடனமாடுபவர், கழைக்கூத்தாடி, செப்பிடுவித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர், இன்னும் நிகழ்ச்சி நிகழ்த்தும் எவரும். பாம்பாட்டிக்கே உரிமை உண்டு என்றால் கடம் வித்வானுக்கு இல்லாமல் போகுமா? பாட்டு, வயலின், மிருதங்கம், கஞ்சிரா என்று நாலு பேர் உட்கார்ந்திருந்தால் நாலு பேருக்கும் தனித்தனியாக உரிமை. "வித்வான்கிட்ட கேட்டேன், சரின்னார்" என்பது கால்வாசி அனுமதிதான். பின்னால் தம்புரா போடும் சிஷ்யர் கூடவே பாடினால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

38ஏ என்ன தருகிறது? நிகழ்ச்சியையோ அதன் கணிசமான பகுதியையோ ஒலியாகவோ காட்சியாகவோ பதிவு செய்வது, அதைப் படியெடுப்பது, எந்த மின்னணு ஊடகத்திலும் சேமித்து வைப்பது, பொதுமக்களுக்குப் பிரதிகள் கொடுப்பது, பொதுமக்களைச் சென்றடையச் செய்வது, விற்பது, வாடகைக்கு விடுவது, நேரலையாக ஒளிபரப்புவது என எல்லாமே கலைஞருக்கு மட்டும் உரியவை. அல்லது அவர் அனுமதித்தவருக்கு. 2024 டிசம்பர் 25 அன்று நடந்த கச்சேரி என்றால் கணக்கு 2025 ஜனவரி 1-ல் ஆரம்பித்து 2074 டிசம்பர் 31-ல் முடியும். நடுவில் கலைஞர் காலமானால் வாரிசுகளுக்குப் போகும்.

மேடைக் கச்சேரிக்கு மட்டும்தான் இது என்றும் நினைக்க வேண்டாம். 2006-ல் நேஹா பாசின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், ஸ்டூடியோவில் பாடினாலும் முதல் தடவை பாடுவது 'நேரடி' நிகழ்த்தலே என்றது. வீட்டு நவராத்திரிக் கொலுவில் பாடினாலும் அப்படித்தான்.

மூன்றாவது அடுக்கு, பதிவு. சபாவோ ஒரு நிறுவனமோ கேமரா வைத்து எடுத்துக் கட்டண ஒளிபரப்பாகக் கொடுக்கிறது என்றால், அந்த வீடியோவுக்குத் தனியாக ஒரு காப்புரிமை உண்டு. வீட்டில் உட்கார்ந்து ஸ்க்ரீன் ரெக்கார்டரில் பிடித்துப் பரப்புபவர் கலைஞர் உரிமை, வீடியோ காப்புரிமை இரண்டையும் மீறுகிறார். மூலையில் இருக்கும் சபா முத்திரையை, உரிமை விவரங்களை வெட்டி எடுத்துவிட்டுப் போட்டால் 65பி சேர்ந்துகொள்ளும். அதற்கு 2 ஆண்டு வரை சிறை, அபராதம். வானொலிக்கு வேறு கணக்கு: ஒலிபரப்பு நிறுவனத்தின் உரிமை 25 ஆண்டுகள்தான். 1999-ல் ஒலிபரப்பான கச்சேரிக்கு அது 2024-ஓடு முடிந்தது. ஆனால் அதே கச்சேரியில் வாசித்தவர்களின் உரிமை 2049 முடிவு வரை ஓடும். "ஆகாசவாணியே கேட்காது, நீ யார் கேட்க" என்ற பேச்சு இங்கேதான் வழுக்குகிறது.

இனி, ஒளித்துப் பதிவு செய்தது ஏன் பெரும்பாலும் மீறல் இல்லை என்பதற்கு வருவோம். பிரிவு 39 விதிவிலக்குகளைச் சொல்கிறது. அதன் முதல் உட்பிரிவு: பதிவு செய்பவர் தன் சொந்த உபயோகத்துக்காக, அல்லது உண்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்காக மட்டும் செய்யும் ஒலி, ஒளிப் பதிவு மீறலாகாது. பாட்டின் காப்புரிமைக்கும் இதே மாதிரிச் சலுகை பிரிவு 52-ல் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, 'கலைஞருக்குத் தெரிந்து' என்றோ 'வெளிப்படையாக' என்றோ சட்டம் நிபந்தனை போடவில்லை. மடியில் வைத்துப் பதிவு செய்தாலும் சட்டைப் பையில் வைத்துப் பதிவு செய்தாலும் சட்டத்துக்கு ஒன்றே. அது பார்ப்பது நோக்கத்தையும் பிறகு நடப்பதையும்தான்.

ஆனால் வார்த்தையை உற்றுப் பாருங்கள்: பதிவு செய்பவரின் சொந்த உபயோகம். உங்கள் நண்பரின் சொந்த உபயோகம் இல்லை. பதிவு செய்த கோப்பை ஒரே ஒருவருக்கு அனுப்பினாலும் ஒரு பிரதி உருவாகிறது, அந்தப் பிரதி இந்தச் சலுகைக்கு வெளியே விழுகிறது. ஊருக்குப் போன மாமாவுக்கு அனுப்பியதற்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்பது நடைமுறை. சட்டத்தின் எழுத்து அவ்வளவு தூரம் தளர்வானது இல்லை.

இன்னொன்று, சலுகை பதிவுக்கு மட்டும். அரங்கத்திலிருந்தே ஃபேஸ்புக் லைவ், இன்ஸ்டா லைவ் போடுபவருக்கு 39-ன் இந்த உட்பிரிவில் இடமே கிடையாது. அவர் செய்வது பதிவு இல்லை, ஒளிபரப்பு. போனில் கோப்பு எதுவும் சேமிக்கப்படவில்லை என்பது அவரைக் காப்பாற்றாது.

200 பேர் வாட்ஸ்ஆப் குழு 'பொதுமக்கள்' ஆகுமா? சட்டம் தலை எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. பொதுமக்கள் பார்க்கவோ கேட்கவோ கிடைக்கும்படி செய்தாலே போதும், உண்மையில் ஒருவரும் திறந்து கேட்காவிட்டாலும் அது 'பொதுமக்களைச் சென்றடையச் செய்தல்' தான் என்று வரையறை சொல்கிறது. அண்ணன், தங்கை, அத்தை என்று ஆறு பேர் உள்ள குடும்பக் குழு பொதுவெளி என்று வாதிடுவது கஷ்டம். அழைப்பு லிங்க் இருந்தால் யாரும் சேரலாம், பாதிப்பேருக்கு மீதிப்பேரை முகம் தெரியாது என்றிருக்கும் ரசிகர் குழு பொதுவெளி இல்லை என்று வாதிடுவது அதைவிடக் கஷ்டம். குழுவின் அட்மின் மட்டும் என்ற ஒரே காரணத்துக்காக, அடுத்தவர் போட்டதற்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021-ல் சொல்லியிருக்கின்றன. அவை காப்புரிமை வழக்குகள் அல்ல. 'தினம் ஒரு கச்சேரி' என்று பெயர் வைத்து, உறுப்பினர்களைப் பதிவு அனுப்பச் சொல்லிக் கேட்கும் அட்மினுக்கு அந்தத் தீர்ப்புகள் குடையாகாது, அது உடந்தை.

வழக்கமாகச் சொல்லும் சமாதானங்களைப் பார்த்துவிடலாம்.

காசு வாங்கவில்லை என்பது. கலைஞர் உரிமையைத் தெரிந்தே மீறுவது பிரிவு 63-ன் கீழ் குற்றம்: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், தகுந்த காரணத்தைத் தீர்ப்பில் எழுதி நீதிபதி இந்தக் குறைந்தபட்சத்துக்கும் கீழே தண்டிக்கலாம். இலவசமாகக் கொடுத்தேன் என்பது தண்டனையைக் குறைக்கலாம். குற்றத்தை இல்லாமல் ஆக்காது. 20 மே 2022-ல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரிவு 63 குற்றம், போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியது, ஜாமீனில் விட முடியாத வகை என்று முடிவு சொல்லிவிட்டது. உதவி ஆய்வாளர் நிலையிலுள்ள அதிகாரி வாரண்ட் இல்லாமலே பிரதிகளைப் பறிமுதல் செய்யலாம். பயந்துவிட வேண்டாம், 7 ஆண்டுக்கு உட்பட்ட தண்டனைக் குற்றங்களில் உடனே கைது செய்வது வழக்கமாக இருக்கக்கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது 2014-லிருந்தே உச்ச நீதிமன்றத்தின் கண்டிப்பு. ஆனாலும் எஃப்.ஐ.ஆர். எஃப்.ஐ.ஆர்.தான், வெளிநாட்டு விசாவுக்குப் போகும்போது தெரியும் அதன் அருமை.

பெயர் போட்டேன் என்பது. கலைஞர் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை 38பி-யில் இருக்கிறது. அதை நிறைவேற்றினீர்கள், நல்லது. 38ஏ அப்படியே நிற்கிறது. பெயர் போடாமல் பரப்பியிருந்தால் இரண்டையும் மீறியிருப்பீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 38பி-க்கு இன்னொரு முகமும் உண்டு: பெயருக்குக் களங்கம் வரும்படி நிகழ்ச்சியைத் திரித்தால் தடுக்கலாம், இழப்பீடு கேட்கலாம். இரண்டு மணி நேரக் கச்சேரியில் சுருதி விலகின நாலு இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டு 'இதுதான் வித்வத்' என்று சுற்றவிடுகிறார்களே, அது இந்த வகை. நேரத்துக்குள் அடக்க வெட்டுவது, தொழில்நுட்பக் காரணத்துக்காகத் திருத்துவது இதில் வராது என்று சட்டமே விளக்கம் தருகிறது.

30 விநாடிதான் போட்டேன் என்பது. 30 விநாடி, 8 மாத்திரை, 10 சதவீதம் என்று எந்த அளவுகோலும் இந்தியச் சட்டத்தில் இல்லை. உள்ளது 'கணிசமான பகுதி' என்ற சொல் மட்டும். கச்சேரியின் உச்சமான நிரவலை (ஒரு வரியையே பலவிதமாக விரித்துப் பாடுவது) மட்டும் வெட்டி ரீல்ஸ் போட்டால், நேரம் குறைவு என்றாலும் கணிசம் என்று வாதிட இடம் இருக்கிறது. விமர்சனத்துக்காக ஒரு துண்டை எடுத்துக்காட்டுவது வேறு. அதற்கு 39-லேயே இடம் உண்டு: விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆராய்ச்சிக்கு நியாயமான அளவு பகுதிகள். ஆனால் விமர்சனம் என்றால் விமர்சனம் இருக்க வேண்டும். "என்ன ஒரு கல்யாணி!" என்று ஒரு வரி எழுதிக் கீழே 40 நிமிட ஆலாபனையை ஒட்டினால் அது விமர்சனம் ஆகாது.

இலவசக் கச்சேரி, கோயில் கச்சேரி என்பது. கோயில் விழாவில், கல்யாண ஊர்வலத்தில், கல்யாணம் சார்ந்த விருந்துகளில் பாட்டைப் பாடுவதற்கு இயற்றியவரின் அனுமதி தேவையில்லை என்று பிரிவு 52 சொல்கிறது. அந்தச் சலுகை பாடுபவருக்கு. கேட்க வந்து பதிவு செய்து பரப்புபவருக்கு அது பாயாது. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கும் நாகஸ்வர வித்வானும் சட்டத்தின் கண்ணில் கலைஞர்தான், தெருக்கூத்தாடுபவரும்தான். டிக்கெட் இருந்ததா, கூரை இருந்ததா என்று 38ஏ கேட்பதில்லை.

பழைய ஸ்பூல் பதிவு என்பது. 1960-களில் யாரோ ஒரு ரசிகர் ஸ்பூல் டேப்பில் பிடித்த கச்சேரிகள்தான் இன்று பாதி சங்கீத வரலாற்றுக்கு ஆதாரம். கலைஞர் உரிமையே 1995-ல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய கச்சேரிக்கு அந்த உரிமையை வைத்து வழக்கு நடத்துவது கடினம். பாட்டின் காப்புரிமை மட்டும் பார்க்க வேண்டியிருக்கும். இந்த இடத்தில் சட்டத்தின் இடைவெளி நமக்கு நன்மையே செய்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

திரையரங்கில் கேமரா வைப்பதற்கான கடும் தண்டனையை இதோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், உரிமம் பெற்ற திரையிடும் இடத்தில் படத்தைப் பதிவு செய்வதற்கே 3 மாதம் முதல் 3 ஆண்டு சிறையும், 3 லட்சம் முதல், கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் வைக்கிறது. அது சினிமாவுக்கு. சபா மேடைக்கு அந்தச் சட்டம் வராது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு: நேரடி இசை நிகழ்ச்சியைக் கலைஞர் சம்மதமின்றிப் பதிவு செய்வதே அங்கே வழக்குக்குப் போதும், பகிர வேண்டியதே இல்லை. அங்கே கிளீவ்லாந்தில் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்குப் போகும் சென்னை ரசிகர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்தப் பிரிவு இசைக்கு மட்டும். பரதநாட்டியத்தில் ஆடுபவரை விட்டுவிட்டுப் பின்னால் பாடுபவரைக் காப்பாற்றும் விசித்திரம் அங்கே உண்டு.

இனி சபா பக்கம். "பதிவு செய்யக்கூடாது" என்று சொல்ல சபாவுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? காப்புரிமைச் சட்டத்திலிருந்து இல்லை. அது தன் இடம், தன் நிபந்தனை என்பதிலிருந்து. சட்டம் சொந்தப் பதிவை அனுமதித்தாலும் சபா தடுக்கலாம். கேட்காவிட்டால் வெளியே போகச் சொல்லலாம். போக மறுத்தால் அத்துமீறல். நிபந்தனை டிக்கெட் வாங்குவதற்கு முன்பே கண்ணில் பட வேண்டும். வாங்கின பிறகு பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தால் அதை நம்பி வழக்காடுவது பலவீனம். முன்பதிவுப் பக்கத்தில் ஒரு வரி, வாசலில் ஒரு பலகை, திரை விலகுமுன் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அறிவிப்பு என மூன்றும் இருந்தால் போதும். தொண்டர்கள் செய்யக்கூடாதது: போனைப் பிடுங்குவது, பாஸ்வேர்டு கேட்பது, கட்டாயப்படுத்தி அழிக்கச் செய்வது. அது அவர்களைத்தான் சிக்கலில் மாட்டும். போதாக்குறைக்கு, அழித்துவிட்டால் ஆதாரமும் போச்சு.

சபாக்கள் காதில் போட்டுக்கொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. தாங்களே மூன்று கேமரா வைத்து எடுத்துச் சேனலில் ஏற்றுகிறார்களே, அதற்கு எழுத்து மூலமான சம்மதம் இருக்கிறதா? பாடகரிடம் ஒரு மின்னஞ்சல் இருக்கும். மிருதங்கக்காரரிடம் கேட்டிருக்கவே மாட்டார்கள். ஒப்பந்தத்தில் எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாடு, எவ்வளவு ராயல்டி என்று எழுத வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே நிரப்பிக்கொள்ளும். யூடியூப் உலகம் முழுக்கத் தெரிகிறது என்பதை யோசித்தால், எல்லை எழுதாத ஒப்பந்தம் எவ்வளவு ஓட்டை என்று புரியும். ரசிகரை மிரட்டும் சபாவிடம் இந்தத் தாள் இல்லை என்றால், அவர்களும் அதே படகில்தான்.

கசிவு எப்போதும் இருக்கையிலிருந்து வருவதில்லை. கேட்டாலே தெரியும். பைக்குள் இருந்த போன் பதிவில் துணி உரசும் சரசரப்பு இருக்கும், பக்கத்து இருக்கைக்காரர் தொடையில் தட்டும் தாளம் மிருதங்கத்தைவிடச் சத்தமாகக் கேட்கும், "சஹானாவா, த்விஜாவந்தியா?" என்ற கிசுகிசுப்பு இருக்கும், கைதட்டல் வரும்போது ஒலி பிளந்துபோகும். மாறாகத் தம்புரா காதருகே கேட்கிறது, பாடகர் இரண்டு உருப்படிக்கு நடுவில் மைக்கை விட்டு விலகி வயலின்காரரிடம் சொன்னது கூடத் தெளிவாக விழுகிறது, கைதட்டல் மட்டும் எங்கோ தூரத்தில் என்றால் அது மைக்குகளை இணைக்கும் மிக்ஸர் கருவியிலிருந்து நேராக எடுத்தது. அப்படியானால் தேட வேண்டியது ரசிகர்களை இல்லை. ஒலி அமைப்பாளரின் லேப்டாப்பையும், "நம்ம ஆளுதானே" என்று பென் டிரைவ் நீட்டியவரையும். மிக்ஸரிலிருந்து எடுத்தவருக்குச் 'சொந்த உபயோகம்' என்ற வாதமும் மெலிந்துவிடும். அவர் அங்கே வேலைக்கு வந்தவர். ஒலி அமைப்பாளர் ஒப்பந்தத்தில் "பதிவை யாருக்கும் தரக்கூடாது, 7 நாளில் அழித்துவிட வேண்டும்" என்று ஒரு வரி சேர்ப்பது, 10 தொண்டர்களை நிறுத்துவதைவிடப் பலன் தரும்.

இப்போது கலைஞர் என்ன செய்ய வேண்டும்? முதல் தப்பு, பார்த்தவுடன் கோபத்தில் கீழே கருத்துப் போடுவது. போட்டவர் அழித்துவிட்டு வேறு பெயரில் ஏற்றுவார். முதலில் ஆதாரம்: முழு இணைய முகவரி, சேனல் பெயர், ஏற்றிய தேதி, பார்வை எண்ணிக்கை, விளக்கத்தில் எழுதியிருப்பது எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட். கோப்பை இறக்கி அதன் ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63, மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் கேட்கிறது; அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும், ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். அழைப்பிதழையும் சபாவின் நிகழ்ச்சி நிரலையும் எடுத்து வையுங்கள். எந்தத் தேதி, எந்த மேடை, யார் யார் என்பதற்கு அதுதான் சாட்சி.

பிறகு யூடியூப் புகார்ப் படிவம். கலைஞரோ அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரோ தர வேண்டும். தாள் இல்லாத சபா தரக்கூடாது. 'பிரதிகள் மறுபடி ஏறாமல் தடு' என்ற தேர்வைக் குறித்துவிடுங்கள். ஏற்றியவர் கெட்ட எண்ணமில்லாத ரசிகர் என்று பட்டால் 7 நாள் அவகாசத் தேர்வு இருக்கிறது: அதற்குள் அவரே எடுத்துவிட்டால் அவர் சேனலுக்கு ஸ்ட்ரைக் (மீறலுக்கான எச்சரிக்கைக் குறி) விழாது. எடுக்காவிட்டால் விழும், 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகும். ஏற்றியவரிடமிருந்து எதிர்மனு வந்தால் 10 வேலை நாளுக்குள் நீதிமன்றம் போனதற்கான சான்றைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ திரும்பி வந்துவிடும். தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடியை இங்கே நம்ப வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் மூலப்பதிவு வேண்டும்; நேற்றைய கச்சேரிக்கு மூலப்பதிவு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மற்ற தளங்களுக்கு 2013 காப்புரிமை விதிகளில் விதி 75 இருக்கிறது. எழுத்து மூலமான புகார் போனால், திருப்தி அடைந்த தளம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவை யாரும் அணுக முடியாதபடி நிறுத்த வேண்டும், 21 நாள் வரை நிறுத்தி வைக்க வேண்டும். அந்த 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவருகிறேன் என்ற உறுதிமொழி புகாரிலேயே இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு அனுப்பி, பதிலே வரவில்லை என்று புலம்புவது வழக்கமாக நடப்பது.

டெலிகிராமில் போட்டவர் முகம் தெரியாதவர் என்று கைவிட வேண்டியதில்லை. 2022 ஆகஸ்ட் 30-ல், பயிற்சி மைய ஆசிரியை ஒருவரின் பாட வீடியோக்கள் சட்டவிரோதமாகப் பரப்பப்பட்ட வழக்கில், சேனல் நடத்துபவர்களின் விவரத்தைக் கொடுக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. வாட்ஸ்ஆப்தான் கடினம். உள்ளே என்ன ஓடுகிறது என்று நிறுவனத்துக்கே தெரியாது; குழுவில் இருக்கும் ஒரு நல்ல ரசிகரின் சாட்சியம்தான் வழி. அவரிடம் கோப்பை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், ஆடியோவாக அனுப்பினால் தரவு மாறிப்போகலாம். இழப்பீடும் தடையாணையும் கேட்க மாவட்ட நீதிமன்றத்தில், அல்லது தொகையைப் பொறுத்து வணிக நீதிமன்றத்தில், கலைஞர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம். எதிராளி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். இழப்பீட்டு வழக்கை மீறல் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

ரசிகருக்கு உண்மையிலேயே பகிர ஆசை என்றால் கேட்பதுதான் எளிது, பெரும்பாலானோர் மறுப்பதில்லை. வாய்மொழி வேண்டாம், சட்டம் உரிமத்தை எழுத்தில் கேட்கிறது, செய்தியாக அனுப்பினால் அதுவும் எழுத்துதான். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் சார். 25-ஆம் தேதி மாலைக் கச்சேரியில் தாங்கள் பாடிய தோடி ஆலாபனையையும் கீர்த்தனையையும் (38 நிமிடம்) போனில் பதிவு செய்துள்ளேன். இதை என் யூடியூப் சேனலில், விளம்பர வருமானம் இல்லாமல், ஒரு வருடம் வைத்திருக்கத் தங்கள் அனுமதி வேண்டும். கோப்பை இணைத்துள்ளேன், கேட்டுவிட்டுச் சொல்லவும். எடுக்கச் சொன்னால் அன்றே எடுத்துவிடுகிறேன்."

இதையே வயலின், மிருதங்க, கஞ்சிரா வித்வான்களுக்கும் அனுப்ப வேண்டும். மூன்று பேர் சரி சொல்லி ஒருவர் பதில் போடவில்லை என்றால், அனுமதி இன்னும் வரவில்லை.